கழிவுநீரும் ஓர் அமானிதமே!

எல்லாப் புகழும், வானத்திலிருந்து நீரை இறக்கி, இறந்து கிடக்கும் பூமிக்கு உயிரூட்டும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும், தூய்மையை ஈமானோடு இணைத்துக் கற்றுத்தந்த எம்பெருமானார் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



இன்று ஜும்ஆவுக்காகக் குளித்தீர்கள்; பள்ளிவாசலுக்கு வந்து வுளூச் செய்தீர்கள். அந்த நீர் எந்தக் கிணற்றிலிருந்து வந்தது, எந்தக் குழாய் வழியாக வந்தது என்று கேட்டால் உடனே விடை சொல்வீர்கள். குளித்து முடித்த பின்னர், வுளூச் செய்து முடித்த பின்னர், கழிவறையில் ஊற்றிய பின்னர் அது எங்கே சென்றது என்று கேட்டால் நம்மில் எத்தனை பேரால் விடை சொல்ல முடியும்?

நீர் வரும் வழியைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அது போகும் வழியைப் பற்றிப் பேசுவதேயில்லை. நம் மார்க்கமோ இரண்டு வழிகளைப் பற்றியும் நம்மிடம் கேள்வி கேட்கிறது. இதனை விளங்கிக்கொள்ள, நீரின் அருமையை அன்றாடம் உணர்ந்து வாழும் ஒரு சிறிய மலையூரின் நிலையை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

மூஸாவின் பள்ளத்தாக்கு

ஜோர்டான் நாட்டின் தென்பகுதியில், மலைச் சரிவில், சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள ஊர் வாதி மூஸா. மூஸாவின் பள்ளத்தாக்கு என்பது இப்பெயரின் பொருள். அங்கே ஐன் மூஸா என்னும் ஊற்று ஒன்று உண்டு. மூஸா (அலை) அவர்கள் தம் கைத்தடியால் பாறையை அடித்தபோது பொங்கிய ஊற்று இதுவே என்று அவ்வூர் மக்கள் வழிவழியாகக் கூறி வருகின்றனர். அந்நிகழ்ச்சியைத் திருக்குர்ஆன் ஸூரத்துல் பகராவில் எடுத்துரைக்கிறது. இடத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. உண்மையை அல்லாஹ்வே நன்கறிந்தவன்.

எனினும் அந்நிகழ்ச்சியில் நமக்குரிய பாடத்தைக் கவனியுங்கள். பன்னிரண்டு ஊற்றுகள் பொங்கின. ஒவ்வொரு கூட்டத்தாரும் தத்தம் நீர்த்துறையை அறிந்துகொண்டனர். நீரைக் கொடுத்த அதே இடத்தில், பூமியில் குழப்பம் விளைவித்துத் திரியக் கூடாது என்னும் எச்சரிக்கையையும் அல்லாஹ் சேர்த்தே விடுத்தான். நீர் என்னும் அருட்கொடையும், அதனால் யாருக்கும் கேடு வரக்கூடாது என்னும் பொறுப்பும் ஒரே வசனத்தில் இணைந்து வருகின்றன.

வாதி மூஸாவில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதை ஒட்டியுள்ள பெட்ரா நகரை மலைப்பாறையில் குடைந்தெடுத்த நபத்தேயர்கள், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பாறையில் கால்வாய் வெட்டியும் சுட்ட மண் குழாய் பதித்தும் ஊற்று நீரைத் துளித்துளியாகக் கொண்டுசென்றார்கள். அவர்கள் வெட்டிய கால்வாய்களை இன்றும் காணலாம். இன்றைய ஜோர்டானின் நிலையும் அத்தகையதே. ஒருவருக்கு ஓராண்டுக்கு 500 கன மீட்டர் புதுநீர்கூடக் கிடைக்காத நாட்டைக் கடும் பஞ்ச நாடு என்று நீரியல் அறிஞர்கள் கணிக்கின்றனர். ஜோர்டானில் கிடைப்பதோ 100 கன மீட்டருக்கும் குறைவு!

1985-இல் பெட்ரா உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 1994-க்குப் பின்னர் சுற்றுலாப் பயணிகளின் வரவு பெருகியது. விடுதிகள் வரிசையாக எழுந்தன. 2019-ஆம் ஆண்டில் மட்டும் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் பெட்ராவைக் காண வந்தனர். வருவோர் அனைவரும் குளிக்கிறார்கள், துணி துவைக்கிறார்கள், கழிவறையைப் பயன்படுத்துகிறார்கள். இத்தனை கழிவுநீரும் எங்கே செல்லும்?

என் இடத்தில்தானே தோண்டுகிறேன்!

சாக்கடைக் குழாய் இல்லாத ஊர்களில் மக்கள் செய்வது என்ன? தத்தம் மனையில் ஆழமாக ஒரு குழி தோண்டி, கழிவுநீரை அதில் விட்டு, மண் உறிஞ்சிக்கொள்ளட்டும் என்று இருந்துவிடுவார்கள். ஆழமான மண்ணுள்ள சமவெளியில், வீடுகள் தள்ளித் தள்ளி இருந்தால், மண்ணே ஓரளவு வடிகட்டிவிடும். மலையில் அவ்வாறு நடப்பதில்லை. அங்கே மண் போர்வை மெல்லியது. அதன்கீழ் இருப்பது வெடிப்புகள் நிறைந்த பாறை. மேட்டு வீட்டுக் குழியில் விட்ட நீர், வெடிப்பு வழியே வடிகட்டப்படாமல் இறங்கி, பள்ளத்து வீட்டார் பருகும் ஊற்றில் வெளிப்படக்கூடும். வறண்ட பூமியில் இன்னொரு சிக்கலும் உண்டு. நீரைச் சிக்கனமாகச் செலவிடும் ஊரில் கழிவின் அளவு குறைவதில்லை. அதைக் கலக்கும் நீர்தான் குறைகிறது. எனவே, அங்குள்ள கழிவுநீர் அடர்த்தி மிக்கது; கேடும் மிக்கது.

சகோதரர்களே! "என் மனையில் நான் குழி தோண்டுகிறேன், உனக்கென்ன?" என்று மேட்டு வீட்டார் கேட்டால் நாம் என்ன பதில் சொல்வது?

பெருமானார் (ஸல்) அவர்கள் கூறிய கப்பல் உவமையை நீங்கள் அறிவீர்கள். ஸஹீஹுல் புகாரியில் நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் வாயிலாக அது பதிவாகியுள்ளது. சீட்டுக் குலுக்கிச் சிலர் மேல்தளத்திலும் சிலர் கீழ்தளத்திலும் இடம்பெற்றனர். கீழே இருந்தோர் நீருக்காக ஒவ்வொரு முறையும் மேலே ஏற வேண்டியிருந்தது. மேலே இருப்போருக்கு ஏன் தொல்லை தர வேண்டும், நம் பங்கில் ஒரு துளையிட்டுக்கொள்வோமே என்று அவர்கள் நினைத்தனர். எண்ணம் நல்லதாகவே தோன்றியது. ஆனால், அவர்களைத் தடுக்காமல் விட்டிருந்தால் இரு தளத்தாரும் மூழ்கியிருப்பார்கள்.

மனை நம்முடையதுதான். நிலத்தடி நீரோ கப்பலின் அடித்தளத்தைப் போன்றது. அதில் என் பங்கு, உன் பங்கு என்னும் சுவர் கிடையாது. நம் மனைக்குள் இட்ட துளை வழியாக ஊரே மூழ்கலாம்.

வாதி மூஸா செய்தது என்ன?

துளையை அடைக்க அவ்வூரில் ஒரு வழி காணப்பட்டது. 2001-ஆம் ஆண்டளவில், வெளிநாட்டு நிதியுதவியுடன், வாதி மூஸாவுக்கும் அதனைச் சூழ்ந்துள்ள சிற்றூர்களுக்கும் சேர்த்துக் கழிவுநீர்க் குழாய்களும் ஒரு சுத்திகரிப்பு நிலையமும் அமைக்கப்பட்டன. நாளொன்றுக்குச் சுமார் 3,400 கன மீட்டர், அதாவது 34 இலட்சம் லிட்டர் கழிவுநீரைத் தூய்மைப்படுத்தும் அளவுக்கு அது திட்டமிடப்பட்டது.

அத்தகைய நிலையத்தில் நடப்பது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அல்லாஹ்வின் படைப்பில் சிந்திப்போருக்கு அதில் அத்தாட்சி உண்டு. முதலில் கம்பித் தடுப்பு துணி, நெகிழி முதலியவற்றைப் பிடித்துக்கொள்கிறது. பின்னர் மணல் படிகிறது. அடுத்து ஒரு பெரிய தொட்டியில் நீரைத் தேக்கி, அதனுள் காற்றைச் செலுத்துகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி நுண்ணுயிர்கள் அந்தக் காற்றைச் சுவாசித்து அழுக்கையே உணவாக உண்டு பெருகுகின்றன. ஏறக்குறைய ஒரு நாள் அளவு இது நிகழ்கிறது. பின்னர் அசையாத வேறொரு தொட்டிக்கு நீர் செல்கிறது. அங்கே நுண்ணுயிர்கள் திரண்டு சேறாகப் படிய, தெளிந்த நீர் மேலே நிற்கிறது. சேற்றின் ஒரு பகுதியை, தயிருக்கு உறை ஊற்றுவது போல, மீண்டும் முதல் தொட்டிக்கே அனுப்புகிறார்கள். மிகுதியை வெயிலில் காயவைக்கிறார்கள். தெளிந்த நீரில் எஞ்சியுள்ள கிருமிகளைக் குளோரின் கொல்கிறது.

இவ்வளவுக்கு மின்சாரமும் வசதியும் இல்லாத சிற்றூர்களுக்கும் வழி இல்லாமல் இல்லை. முதலில் ஒரு மூடிய தொட்டியில் கசடைப் படியவிட்டு, பின்னர் நாணல் நட்ட சரளைக்கல் படுகை வழியே நீரை மெதுவாகச் செலுத்தலாம். கல்லிலும் வேரிலும் ஒட்டியுள்ள நுண்ணுயிர்கள் அதே வேலையைச் செய்யும். மலைச் சரிவே நீரைத் தள்ளிச் செல்வதால் இயந்திரம் தேவைப்படாது. குளிர்காலத்தில் நுண்ணுயிர்களின் வேகம் குறையும் என்பதால் மலையூரில் படுகையைச் சற்றுப் பெரிதாக அமைக்க வேண்டும். அவ்வப்போது கசடை அகற்ற வேண்டும். எந்த முறையாயினும் பராமரிக்க ஆளில்லை என்றால் அது இன்னொரு சாக்கடையாகிவிடும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

வாதி மூஸாவில் தூய்மைப்படுத்தப்பட்ட நீர் வீணாகவில்லை. ஊருக்கு வெளியே சுமார் 1,000 துனும், நம் கணக்கில் ஏறக்குறைய 250 ஏக்கர் நிலத்திற்கு அதைப் பாய்ச்சும் திட்டம் உருவானது. ஆடு மேய்த்து வாழ்ந்த அப்பகுதி மக்கள் அதைக் கொண்டு குதிரைமசால், மக்காச்சோளம் முதலிய தீவனப் பயிர்களையும், ஜைத்தூன் போன்ற மரங்களையும் வளர்த்தார்கள். பள்ளத்தில் இருப்போருக்கு நஞ்சாகச் சென்றிருக்க வேண்டிய நீர், அவர்களுடைய ஆடுகளுக்குப் பசும்புல்லாக மாறியது. அல்ஹம்துலில்லாஹ்!

அந்த நீர் நஜீஸ் அல்லவா?

இங்கே உங்கள் உள்ளத்தில் ஓர் ஐயம் எழும். கழிவறையிலிருந்து வந்த நீர் நஜீஸ் அல்லவா? அதைக் கொண்டு பயிரிடலாமா?

நியாயமான கேள்வி. நம் ஃபுகஹாக்கள் நீரின் வகைகளை எவ்வளவு நுட்பமாகப் பிரித்துள்ளார்கள் என்பதைப் பாருங்கள். வுளூச் செய்த நீர் நஜீஸ் அன்று. ஷாஃபிஈ மத்ஹபின்படியும், ஹனஃபீ மத்ஹபில் ஃபத்வாவுக்குரிய சொல்லின்படியும் அது சுத்தமானது. ஆனால் மீண்டும் வுளூச் செய்வதற்குத் தகுதியற்றது. மலஜலம் கலந்து நிறமோ சுவையோ மணமோ மாறிய நீர் நஜீஸ். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதக் கூடாது. இன்றைய பொறியியலாளர்களும் குளியல், கை கழுவல் நீரைத் தனியாகவும், கழிவறை நீரைத் தனியாகவும் பிரிப்பதையே முதற்பாடமாகச் சொல்கிறார்கள். எளிதில் தூய்மையாவதை, அரிதில் தூய்மையாவதோடு கலந்துவிட்டால் எல்லாமே அரிதாகிவிடும். ஃபிக்ஹு கிதாபில் நாம் ஓதிய பிரிவினையை நம் வீட்டுக் குழாயில் நடைமுறைப்படுத்தவில்லை என்பதே உண்மை.

சரி, நஜீஸாகிவிட்ட நீர் மீண்டும் தூய்மையாகுமா? இக்கேள்வி 1978-இல் (ஹிஜ்ரி 1398) ஸவூதி அரேபியாவின் மூத்த உலமாக்கள் குழு முன் வந்தது. அக்குழுவின் தீர்ப்பின் சாரம் இதுதான்: கழிவுநீரை நவீன முறைகளால் தூய்மைப்படுத்தி, அதன் நிறத்திலும் சுவையிலும் மணத்திலும் அசுத்தத்தின் அடையாளம் எதுவும் எஞ்சாமல், நம்பகமான வல்லுநர்கள் அதற்குச் சான்றளித்தால், அந்நீர் சுத்தமானதே. அதைக் கொண்டு தூய்மை செய்துகொள்வதும் கூடும். ஆயினும் அதைப் பருகுவதைத் தவிர்ப்பது நன்று என்றும் குழு அறிவுறுத்தியது. நீர் நஜீஸ் என்பதனால் அன்று. உடல்நலத்திற்குத் தீங்கு நேரலாம் என்னும் பேணுதலினால், மேலும் மனித இயல்பு அதை விரும்பாது என்பதனால்.

வல்லுநரின் சான்று என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெளிந்த நீரிலும் கிருமி இருக்கலாம். ஆகவே, ஜோர்டான் அரசு 2006-இல் வெளியிட்ட தர விதிகள், இந்நீரைப் பச்சையாக உண்ணும் காய்கறிகளுக்குப் பாய்ச்சக் கூடாது என்று தடுத்தன. பழமரங்களுக்குப் பாய்ச்சினால் அறுவடைக்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும் என்று அவை விதித்தன. தரையில் விழுந்த பழங்களை எடுக்கக் கூடாது என்றும் கூறின. மார்க்கத்தின் அனுமதியும் மருத்துவத்தின் எச்சரிக்கையும் இங்கே கைகோத்துச் செல்கின்றன.

ஸன்ஆ தரும் படிப்பினை

இந்த அறிவு நமக்குப் புதியதும் அன்று. ஜோர்டானுக்குத் தெற்கே யமன் நாட்டின் தலைநகர் ஸன்ஆ 2,200 மீட்டர் உயரத்தில் உள்ள வறண்ட மலை நகரம். அதன் பழைய பகுதியில் பள்ளிவாசல்களை ஒட்டித் தாழ்வான தோட்டங்கள் உண்டு. பள்ளிவாசல் கிணற்றில் இறைத்த நீரில் தொழுகையாளிகள் வுளூச் செய்வார்கள். அந்நீர் தோட்டத்திற்குப் பாய்ந்து காய்கறிகளை விளைவிக்கும். தோட்டங்களுள் பல வக்ஃபு சொத்துகள். கழிவறையின் மலத்தையோ அவர்கள் நீரில் கலக்கவில்லை. உயர்ந்த வீடுகளின் அடித்தளத்தில் உள்ள அறையில் அது விழுந்து உலரும். பின்னர்ப் பொதுக் குளியலறைகளின் அடுப்பில் எரியும். சாம்பல் தோட்டத்திற்கு உரமாகும். ஒரு துளி நீரும் ஒரு பிடிச் சாம்பலும் வீணாகாத ஏற்பாடு!

குழாய் நீர் வீடுதோறும் வந்தபோது இந்த ஏற்பாடு தளர்ந்தது. நீர் வரும் வழியை அமைத்தவர்கள், போகும் வழியை அதே வேகத்தில் அமைக்கவில்லை. உறிஞ்சு குழிகள் பெருகின. மேல்மட்ட நிலத்தடி நீர் மாசடைந்தது. பின்னர்ப் போர் வந்தது. நீர் நிலையங்களும் கழிவுநீர் நிலையங்களும் செயலிழந்தன. 2017-ஆம் ஆண்டு முடிவதற்குள் யமனில் காலரா நோய்க்கு ஆளானதாகக் கருதப்பட்டோர் எண்ணிக்கை பத்து இலட்சத்தைத் தாண்டியது. அவர்களுள் பெரும் பகுதியினர் குழந்தைகள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். கழிவுநீரைப் பற்றிப் பேசுவதை அற்பமாகக் கருதுவோர் இந்த எண்ணிக்கையை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம் கதை என்ன?

சகோதரர்களே! பிற நாட்டைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் போவது முறையன்று. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் ஜும்ஆ பயானுக்காகத் தொடர்ந்து சென்று வந்தேன். வசதியான பள்ளிவாசல், புதிதாகக் கட்டிய கழிவறைகள். ஒரு வெள்ளியன்று, பள்ளிவாசலின் பின்புறம் குடியிருந்த முதியவர் ஒருவர் என்னிடம் தயங்கித் தயங்கி வந்தார். மாற்று மதத்தைச் சேர்ந்தவர். "ஐயா, கழிவறை கட்டியதிலிருந்து எங்கள் கிணற்று நீரில் நாற்றம் வருகிறது. தொழுகை நடக்கும் இடம் என்பதால் யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை" என்றார். அவருடைய கிணற்றுக்கும் நமது உறிஞ்சு குழிக்கும் இடையே பத்தடிகூட இல்லை.

அன்று நான் வெட்கித் தலைகுனிந்தேன். அண்டை வீட்டார் உரிமையைப் பற்றி அதே மிம்பரில் எத்தனை முறை பேசியிருப்பேன்! பேசிவிட்டு இறங்கி, அதே கழிவறையைப் பயன்படுத்திவிட்டுத்தானே ஊர் திரும்பினேன்! நல்லவேளையாக, ஜமாஅத்தார் அவருடைய சொல்லைச் செவியுற்றதும் தர்க்கம் செய்யவில்லை. குழியை மூடி, கசிவில்லாத தொட்டியை மறுபுறம் அமைத்தார்கள். வுளூ நீரைப் பிரித்துத் தென்னைக்குத் திருப்பினார்கள். கிணறு தெளியும் வரை பெரியவரின் வீட்டுக்குப் பள்ளிவாசல் குழாயிலிருந்தே நீர் கொடுத்தார்கள். ஆனால், அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால்? மறுமையில் அல்லாஹ்வின் முன் வாய் திறந்திருப்பார் அல்லவா?

நீர்த்துறையிலும், மக்கள் நடமாடும் பாதையிலும், நிழலிலும் மலஜலம் கழிப்பது சாபத்தைக் கொண்டுவரும் செயல் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதைத் தடுத்தார்கள். நேரடியாகச் செய்தால் சாபம். குழாய் பதித்து, சிமெண்ட் மூடி போட்டுச் செய்தால் மட்டும் சாபம் நீங்கிவிடுமா? சிந்தியுங்கள்.

எனவே, இன்று வீடு திரும்பியதும் உங்கள் வீட்டுக் கழிவுநீர் எங்கே செல்கிறது என்று நீங்களே நடந்து சென்று பாருங்கள். அருகில் யாருடைய கிணறு இருக்கிறது என்று பாருங்கள். முத்தவல்லிகளும் ஜமாஅத் நிர்வாகிகளும் வுளூ நீரையும் கழிவறை நீரையும் தனித்தனியே பிரிக்க ஏற்பாடு செய்யுங்கள். கழிவறைத் தொட்டியை உரிய காலத்தில் முறையாகச் சுத்தம் செய்யுங்கள். அந்தத் தொட்டிக்குள் மனிதரை இறக்காதீர்கள். நம் தூய்மைக்காக இன்னொருவர் உயிரை இழப்பது ஹராம். எல்லாவற்றுக்கும் முதலாக, நீரைக் குறைவாகச் செலவிடுங்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு முத்து, ஏறக்குறைய முக்கால் லிட்டர் நீரில் வுளூவை நிறைவு செய்தார்கள். செலவிடாத நீர் கழிவுநீர் ஆவதில்லை.

நீர் நமக்கு முன் யாரோ பயன்படுத்தியது. நமக்குப் பின் யாரோ பயன்படுத்தப்போவது. இடையில் சிறிது நேரம் நம் கையில் இருக்கிறது. அமானிதத்தை வாங்கியவாறே திருப்பித் தருவது முஃமினின் கடமை.

யா அல்லாஹ்! நீ தூய்மையாக இறக்கிய நீரை, தூய்மையாகவே அடுத்தவரிடம் ஒப்படைக்கும் நல்லடியார்களாக எங்களை ஆக்குவாயாக! நாங்கள் அறியாமல் மாசுபடுத்திய நீரினால் துன்புற்றவர்களுக்குச் சுகத்தை அளிப்பாயாக! அவர்கள் எங்களை மன்னிக்குமாறும், நாங்கள் அவர்களுக்குரிய உரிமையை இம்மையிலேயே நிறைவேற்றுமாறும் தவ்ஃபீக் செய்வாயாக! யமனிலும் உலகெங்கிலும் தூய நீரின்றித் தவிக்கும் மக்களுக்கு அமைதியையும் நலத்தையும் அருள்வாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.